நாலு மணிக்கு இருபத்தெட்டு மீற்றர்

இரணைமடு ஓடுபாதையில் நாலு நாள் குதிப்பு.
பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து என்னைக் கேட்டெடுத்தார்கள்:
மணிக்கட்டில் கட்டுகிற உயரமானிகளை
கேபிளில் மாட்டி, கோடுகளை இறக்கி,
பிழையானதைப் பிழை என்று எழுத.
நான் ஏறின ஆகக்கூடின உயரம்
கச்சேரியின் மூன்றாம் மாடி.

முதல் நாள், சுவேந்திரனின் கோடு.
மூவாயிரத்து இருநூறில் கதவு. பிறகு வழுவழுவென்று சரிவு.
ஆயிரத்து எண்ணூறில் ஒரு திமில்:
விழுந்துகொண்டிருந்த மனிதன்
அறுபது மீற்றர் மேலே ஏறியிருக்கிறான்.
காத்துத் தூக்கினதோ என்றார்
ஒலிபெருக்கி கொண்டுவந்தவர்.
இல்லை.
அந்த இடத்தில் மல்லாந்திருக்கிறீர்கள் என்றேன்.
விழுகிற உடம்புக்கு மேல்பக்கம்
காற்று மெலிந்த ஒரு பொந்து இருக்கும்;
கை அதற்குள் போனால்
பெட்டிக்குள் இருக்கிற தகடு ஏமாறும்.
அதற்குத் தெரிந்தது அமுக்கம் ஒன்றுதான்,
உயரம் அதன் ஊகம்.
சுவேந்திரன் காது சிவந்தார்.
மல்லாந்தது ஒருவருக்கும் தெரியாதென்று
நினைத்திருந்தார்போல.

பரசூட் விரிகிற கணத்தில் வருகிற முள்
எல்லாரிடமும் இருக்கிறது. அதை எழுதுவதில்லை.

இன்னொருவர், பெயர் பதிய மறந்தவர்,
தரையில் கழித்தல் மூன்று.
மூன்று மீற்றர் இந்தப் பெட்டியின் தடுமாற்றத்துக்குள் அடங்கும்.
அப்படித்தான் எழுதினேன்.
ஆனால் முழங்கால்வரை சேறு.
பற்றைக்குள் ஒரு பழைய குழியில் இறங்கி ஏறியிருக்கிறார்.
ஓர் ஆள் உயரம், மேலே ஒரு கை.
அந்த அளவு எனக்குத் தெரியும்.
எழுதினதை நான் வெட்டவில்லை.

மூன்றாம் நாள் நிரோஜினி,
பேர்ண் நகரத்திலிருந்து வந்தவள்:
இது பழுது, எறியப்போறன்.
காலை பத்துக்குப் பூச்சியம் வைத்தாளாம்.
நாலு மணிக்குக் குதித்து, இறங்கி,
சப்பாத்தில் குத்தின தொட்டாச்சிணுங்கி முள்ளோடு நிற்கிறாள்;
பெட்டி சொல்கிறது, இருபத்தெட்டு.
"நான் இன்னும் வந்து சேரேல்லையாம்."
சிரித்தாள். பாதியில் விட்டுவிட்டாள்.

விழுகிறவளுக்கு இருபத்தெட்டு மீற்றர்
அரை நொடி.
அரை நொடியை இனாமாகக் கொடுக்கிற பெட்டியை
எறியத்தான் வேணும்; ஆனால்
ஓர் இரவுக்கு என்னிடம் தாரும் என்றேன்.

வட்டக்கச்சியில், என் வீட்டு மேசையில்,
மகனின் கணக்குக் கொப்பிக்கும்
நுளம்புச்சுருளுக்கும் நடுவில் வைத்தேன்.
ஆறு மணி, இருபது.
இரவு பத்து, நாலு.
நித்திரை முறிந்து பார்த்தபோது
விடிய நாலு மணி, பதினாறு.
காலை பத்துக்கு, பூச்சியம்.

மேசை அசையவில்லை.
கடல் ஏறி வற்றுகிறமாதிரி
நாளுக்கு இரண்டு தரம் காற்றும் ஏறி வற்றுகிறது,
நாங்கள் அதன் அடியில் கிடந்து
புட்டு அவிக்கிறோம்.
இரவு முழுக்க
கிணறு, நாய், கொடியில் காய்ந்த சீருடை எல்லாத்தோடும்
ஒரு வீடு பன்னிரண்டு மீற்றர் ஏறி இறங்கியிருக்கிறது.
ஒருவரும் பரசூட் கட்டியிருக்கவில்லை.

காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
பழுதில்லை. நாலு மணிக்குக் குதிப்பதென்றால்
மூன்றரைக்குப் பூச்சியம் வைக்கவும்.

நிரோஜினி இரண்டு தரம் வாசித்தாள்.
"நீங்கள் ஒருக்கா ஏறிப் பாக்கேல்லையோ?"
கச்சேரிப் படிகளை எண்ணியிருக்கிறேன் என்றேன்,
நாற்பத்தெட்டு.
அவள் ஒன்றும் சொல்லாமல்
பெட்டியை என் மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.
வார் கடைசி ஓட்டைக்கு இறுக்கவேண்டியிருந்தது.

மூன்றரை.
ஓடுபாதையின் அந்தப் பக்கம் விமானம் இருமித் தொடங்கியது.
பொத்தானை அமத்தினேன்.
பூச்சியம்.
ஒன்று.
பூச்சியம்.